பதினாலாம் நம்பர் சாப்பிட்ட குழம்பு

என் அக்காவின் கணவர் ஒரு ரசிகர். இப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் குப்பத்தில், படகுக்குப் படகு ஒரு நடிகர் சிரித்துக்கொண்டிருப்பார். ஆனால் மாமா ரசித்தது நடிகரை அல்ல, தலைவரை அல்ல, கிரிக்கெட்காரரைக்கூட அல்ல. ஐரோப்பாவின் வடக்குக் கடலோரத்தில் ஏதோ ஒரு குளிர் ஊரில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த ஒருவரை. குப்பத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே மாமா சொல்லித்தான் தெரியும். மீதிப் பாதிப் பேர் அவர் சொல்லியும் நம்பவில்லை.

அந்த ஆட்டக்காரரின் பெயரை மாமா எங்களிடம் சொன்னதே இல்லை. "பதினாலு" என்பார். சட்டையில் இருந்த நம்பர் அது. ஏன் பெயரைச் சொல்வதில்லை என்று கேட்டால், பெரிய மனுஷர்களின் பெயரை அப்படிப் பொசுக்கென்று சொல்லிவிடலாமா என்பார். பதினாலு மாமாவைவிடச் சின்னவர். அந்தப் பெயர் மாமா வாயில் நுழையாது என்பதுதான் உண்மைக் காரணம் என்று நான் கடைசிவரை சந்தேகப்பட்டேன். தன் தெய்வத்தின் பெயரையே சொல்லாமல் இருந்துவிட்டுப் போன மனிதரின் பெயரை நான் மட்டும் எதற்கு எழுத வேண்டும்? மாமா என்றே இருக்கட்டும்.

ஆள் குட்டை. என் தோளுக்குத்தான் வருவார், நானே ஒன்றும் உயரம் கிடையாது. காதில் கடுக்கன், இடுப்பில் எப்போதும் நனைந்த லுங்கி, மேலே பதினாலு என்று எழுதிய பச்சை பனியன். அந்த பனியன் பொன்னேரி கடைத்தெருவில் தைத்தது. தையற்காரர் பதினாலு என்ற எண்ணைச் சற்றுச் சாய்த்துத் தைத்துவிட்டதால், மாமா நேராக நின்றாலும் எங்கோ ஒரு பக்கம் சரிகிற மாதிரியே தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் சில வருடங்கள் அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். குப்பத்தில் பிறந்தவன் கட்டுமரத்துக்குப் போகாமல் கப்பலுக்குப் போவது அன்றைக்குப் பெரிய கௌரவம். அந்தக் கௌரவம் ஒரு குளிர்காலத்தில் ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் போய் மாட்டிக்கொண்டது. கப்பல் முதலாளி ஆளைக் காணோம். துறைமுகத்துக்காரர்கள் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சம்பளம் இல்லை, எண்ணெய் இல்லை, ஹீட்டர் ஓடவில்லை. கப்பலை விட்டுவிட்டு ஊர் திரும்பவும் வழியில்லை. அந்த ஊர் ஜனங்கள்தான் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து கொடுத்து இவர்களைக் காப்பாற்றினார்கள். ஊர்க் கூடைப்பந்து கிளப்காரர்கள் பாவப்பட்டு, ஆட்டம் பார்க்க வரலாம், டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா போனது ஆட்டம் பார்க்க அல்ல. அரங்கத்துக்குள்ளே கதகதப்பாக இருக்கும், அதற்காகத்தான் போனார். இதை அவரே ஒப்புக்கொள்வார். அப்படியானால் குளிர் காயப் போன இடத்தில் கும்பிட்டுவிட்டு வந்தீரா என்று நான் சீண்டுவேன். கோயிலுக்குப் போகிறவனில் பாதிப் பேர் நிழலுக்குத்தான் போகிறான் என்று பதில் வரும்.

அப்போது பதினாலு அணியிலேயே சின்னப் பையன். ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அந்தக் கோலத்திலேயே மாமா அவரை அடையாளம் கண்டுவிட்டாராம். எப்படி என்று கேட்டால், அவர் துண்டு கொடுக்கும்போது ஆள் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார் என்பார். பிற்பாடு பதினாலு அந்த நாட்டுக்கே பெரிய ஆளாகிவிட்டார். அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது போலத்தான் மாமா நடந்துகொள்வார்.

ஊருக்கு வந்து, கல்யாணம் செய்து, கப்பலை விட்டு ஏரிக்கே திரும்பிய பிறகும் அந்தக் கிறுக்கு போகவில்லை. புயல் பாதுகாப்பு மையத்துக்குப் பின்னால் ஒரு சவுக்குக் கம்பம் நட்டு, உச்சியில் இரும்பு வளையம் மாட்டி, தன் கையாலேயே வலை பின்னித் தொங்கவிட்டார். எங்கள் ஊர் மீன் ஏலக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். அடியில் ஓட்டை விட்ட வலையைக் காசு போட்டுக் கட்டுகிற முதல் மீனவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். குப்பமே சிரித்தது. பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள், கம்பத்தில் ஆடு கட்டினார்கள். சாயங்காலங்களில் மாமா மட்டும் பந்தைத் தூக்கி எறிவார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருமுறைகூட உள்ளே விழுந்ததில்லை. காற்று தென்னலாக இருக்கிறது, வாடையாக இருக்கிறது என்று ஏதாவது சொல்வார். காற்றே இல்லாத நாளில் பந்தில் காற்று சரியில்லை.

செல்போன் வந்ததும் அவருக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. அக்கா மகள் பழைய ஆட்டங்களையெல்லாம் தேடி எடுத்துக் கொடுப்பாள். காலையில் கரை ஏறி, வலையை உதறிப் போட்டுவிட்டு, டீ கிளாஸோடு உட்கார்ந்து பார்ப்பார். பந்து இருக்கும் பக்கம் அவர் பார்வையே போகாது. பந்து கையில் இல்லாத நேரத்தில் பதினாலு என்ன செய்கிறார் என்றுதான் பார்ப்பார். ஒருமுறை, பந்தைத் தூக்கிப் போட்டால் தனக்குப் புள்ளி, தன் பேர் பேப்பரில் வரும், அந்த நேரத்தில் மூலையில் நிற்கிற புதுப் பையனுக்குத் தள்ளிவிட்டாராம் பதினாலு. பையன் தவறவிட்டான். அணி தோற்றது. பதினாலு ஓடிப்போய் அந்தப் பையன் தலையைத் தடவிக் கொடுத்தார். இந்தக் காட்சியை மாமா எனக்கு எத்தனையோ தடவை காட்டியிருக்கிறார். ஜெயித்த ஆட்டம் ஒன்றையாவது காட்டுங்களேன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பதினாலுக்கு முட்டியில் ஆபரேஷன் என்று தெரிந்தபோது கங்கையம்மன் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனார். அங்கேதான் மாட்டினார். பூசாரி பெயர் கேட்டார். மாமா காதோடு காதாகச் சொன்னார். பூசாரி அது ஆள் பெயரா ஊர்ப் பெயரா என்று உரக்கவே கேட்டுவிட்டார். நட்சத்திரம் கேட்டபோது மாமாவுக்குத் தெரியவில்லை. அதனால் தன் நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டு வந்தார். இது அக்காவுக்குத் தெரிந்தபோது வீட்டில் பல நாள் அடுப்பு மட்டும்தான் பேசியது. எனக்குக் கால் பிசகியபோது தைலம் வாங்கிவரத் துப்பில்லை, எவனோ ஒரு வெள்ளைக்காரன் முட்டிக்கு அர்ச்சனையா என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாமாவின் வாழ்க்கையில் பெரிய விஷயம் குழம்பு.

கதை இதுதான். கப்பல் விடுபட்டு ஆட்களை ஊருக்கு அனுப்புவதாக முடிவான சமயம். ரொட்டி மூட்டை சுமந்துகொண்டு அடிக்கடி கப்பலுக்கு வரும் கிளப் பையன்களில் பதினாலும் ஒருவர். மாமாவிடம் ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளும் புளியும் கடைசியாக ஒரு கை அளவு மிச்சமிருந்தது. அவருடைய அம்மா அரைத்துக் கொடுத்த தூள். அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர், அன்றைக்கு மொத்தத்தையும் போட்டு, அங்கே கிடைத்த ஏதோ வெள்ளை மீனில் ஒரு குழம்பு வைத்து, மூடி போட்ட பாத்திரத்தில் ஊற்றிப் பதினாலு கையில் கொடுத்தார். மறுநாள் பதினாலு பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தார். வயிற்றைத் தட்டிக் காட்டினார். முழுக்கச் சாப்பிட்டேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று விரலைக் காட்டிச் சொன்னார். அவ்வளவுதான் கதை.

இந்தக் கதையை நம்பியவர் குப்பத்தில் யாரும் இல்லை. உப்புக்கும் மிளகுக்கும் கண்ணீர் விடுகிறவன் நம் ஊர் மீன் குழம்பைச் சாப்பிட்டானா, அதுவும் இரண்டு தடவை வாங்கியா? ஏலக்காரர் அதைத் தொழிலுக்கே பயன்படுத்திக்கொண்டார். மடவை மீனைக் குவித்து வைத்து, பதினாலாம் நம்பரே சாப்பிட்ட மீன் என்று கூவுவார். வாங்க வந்த காட்டூர் வியாபாரிகள்கூட அது என்னவென்று தெரியாமலே சிரிப்பார்கள்.

அக்காவுக்கு இதில் தனி எரிச்சல். அக்கா வைக்கும் குழம்புக்குக் குப்பத்தில் பேர் உண்டு. ஆனால் மாமா ஒவ்வொரு முறையும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் பதினாலு சாப்பிட்ட குழம்பு மாதிரி வராது என்பார். ஞாயிற்றுக்கிழமை அவரே சமைப்பார். புளி தூக்கலாக இருக்கிறது என்று யாராவது வாய் திறந்தால் போச்சு. பதினாலே குறை சொல்லவில்லை, உனக்கென்ன என்பார். பொய்யன், பொய்யன் என்று அக்கா பாத்திரத்தோடு பேசுவாள். என்றைக்காவது ஒருநாள் இந்தாள் பொய் வெளியே வரும், அன்றைக்கு நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

சிரிப்போடு போயிருந்தால் சரி. எங்கள் ஏரியில் வலை போடும் இடத்துக்கு முறை உண்டு. பாடு என்று சொல்வோம். தலைக்கட்டு வாரியாகச் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர்ப் பெரியவர்கள் வைத்துவிடுவார்கள். முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஏறுகிற இடம் ஒருவனுக்குக் கிடைப்பது அபூர்வம். தன் முறைக்குப் போகாதவன் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அப்படி ஒருமுறை, மாமாவின் பங்காளி முறைப் பையன் ஒருவனுடைய பாட்டில் வேறொருவன் விடியுமுன் வலை போட்டுவிட்டான். பார்த்தது மாமா மட்டும்தான். பஞ்சாயத்தில் மாமா சாட்சி சொல்ல எழுந்தார். உடனே பின்வரிசையிலிருந்து யாரோ, பதினாலுக்குக் கொழம்பு ஊத்தினவருதானே என்றார்கள். கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. பெரியவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எடுபடவில்லை. பையன் பாட்டை இழந்தான். அவன் அதற்கப்புறம் மாமாவோடு பேசவில்லை.

அன்றைக்கு நான் மாமாவிடம் கோபமாகவே சொன்னேன். அந்தக் கதையை விட்டுத் தொலையுங்கள், சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உங்கள் பேச்சுக்கு மரியாதை இருக்கும் என்றேன். மாமா வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "அவரு சொன்னத நான் எப்புடி மச்சான் இல்லன்றது?" என்றார். பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டு அனுப்பம்பட்டுக்கு, என் வீட்டுக்கு, கிளம்பிப் போனேன்.

பதினாலு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தபோது மாமா ஒரே ஆள் கொண்ட தன் ரசிகர் மன்றத்தின் சார்பில் ஒரு ஃபிளெக்ஸ் வைக்க முடிவு செய்தார். பொன்னேரியில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் படத்தைக் கொடுத்து, விடைபெறுகிறார், நம்மைவிட்டுப் போகிறார், அதற்குத் தகுந்த மாதிரி எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடைக்காரர் என்ன செய்வார்? நம்மைவிட்டுப் போகிறவர்களுக்கு எப்படி அடிப்பாரோ அப்படி அடித்துவிட்டார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. மேலே இரண்டு புறா பறக்கிறது. நடுவில் பனியன் போட்ட பதினாலு சிரிக்கிறார். கீழே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இவண், மாமாவின் மன்றம்.

மாமா அதைப் பிரித்துப் பார்க்காமலே ஆள் வைத்துக் கட்டிவிட்டு, அன்னதானத்துக்குச் சாம்பார் சாதம் கிளறப் போய்விட்டார். பக்கத்துக் குப்பத்திலிருந்து இரண்டு பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்து அழலாம் என்றே வந்துவிட்டார்கள். யார் வீட்டில் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்களை அக்கா சாதம் போட்டு அனுப்பினாள். விஷயம் தெரிந்ததும் மாமா தலையில் அடித்துக்கொண்டு, வெள்ளைத் தாள் ஒட்டிக் கண்ணீரை மறைத்தார். ஆனால் அதற்குள் அவர் மகள் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். அப்பாவைக் கிண்டல் செய்வதில் அவள் என் பக்கம்.

அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, பதினாலு ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தியாவில் ஒரு மீனவக் கிராமத்தில் நம் ஆட்டக்காரருக்கு இரங்கல் பேனர் வைத்திருக்கிறார்கள் என்று அங்கே ஒரே சிரிப்பாம். யார் வைத்தது, ஏன் வைத்தது என்று விசாரித்து, கடைசியில் அக்கா மகளுக்கே செய்தி வந்தது. பதினாலு வீடியோவில் பேச விரும்புகிறார், ஞாயிற்றுக்கிழமை காலை.

குப்பம் தலைகீழானது. ஏலக்கூடத்தில் பெரிய திரை கட்டுவது என்று முடிவாயிற்று. நாற்காலி போடுவது யார், டீ கொடுப்பது யார் என்று எல்லாம் பேசி முடித்தார்கள். மாமா முதலில் வாயெல்லாம் பல்லாக இருந்தார். பேசும்போது என்ன கேட்பார்கள் என்று மகளிடம் கேட்டார். வேறென்ன, ஊரே அந்தக் குழம்பைத்தான் கேட்கப் போகிறது என்று அவள் சொன்னாள். அப்போது நானும் அங்கேதான் இருந்தேன். மாமா கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். அதற்கப்புறம் அவர் முகம் சரியாக இல்லை. ஆகா, மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஞாயிறு அவருடைய பாடு. முகத்துவாரத்துப் பக்கம். முறையைத் தவறவிடுகிறவன் மீனவனே அல்ல என்பது ஊர் எண்ணம் என்பதால், பாட்டுக்குப் போகிறேன் என்று சொல்கிற ஆளை எங்கள் ஊரில் யாரும் தடுக்க முடியாது. ஆனால் கல்யாணம் காட்சி என்றால் தம்பியையோ மகனையோ அனுப்புவதும் வழக்கம்தான். மாமாவின் தம்பி, நான் போகிறேன், நீ இரு என்று கெஞ்சினார். மாமா கேட்கவில்லை. ஞாயிறு விடியும்போது வலையைத் தூக்கிக்கொண்டு தானே போய்விட்டார்.

ஏலக்கூடத்தில் இடம் இல்லை. பழவேற்காடு பஜாரிலிருந்து கடைக்காரர்கள்கூடப் பாலம் தாண்டி வந்திருந்தார்கள். மாமா இல்லை என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏலக்காரர், கொழம்பு கம்பி நீட்டிடுச்சு டோய் என்றார். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். சொன்னபடியே.

"அந்தாளு ஓடிட்டா இன்னா? நான் கேக்கறேன்," என்றாள்.

திரையில் பதினாலு வந்தார். தலை நரைத்திருந்தது. உட்கார்ந்த நிலையிலேயே நின்றுகொண்டிருக்கிற ஆள் போல இருந்தார். முதலில், நான் உயிரோடுதான் இருக்கிறேன், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மகள் தமிழில் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. உங்கள் அப்பா எங்கே என்று கேட்டார். மீன் பிடிக்கப் போயிருக்கிறார், இன்றைக்கு அவர் முறை என்றாள். அவருக்கு அது புரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்கா எழுந்து நின்றாள். மகளிடம், கேள் என்றாள். மகள் கேட்டாள். கூடத்தில் சத்தம் அடங்கியது.

பதினாலு சிரித்தார். பிறகு நிதானமாகப் பேசினார். நான் பொன்னேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், ஆங்கிலம் கேட்டால் புரியும். அந்தக் கூடத்தில் அவர் சொன்னது புரிந்தது எனக்கும் அக்கா மகளுக்கும்தான். தனக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் ஒத்துக்கொள்ளாது என்றார். ஒரு துண்டு பட்டாலும் உடம்பு வீங்கிவிடும். அந்தக் குழம்பைத் தன் அம்மாதான் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட முழுவதையும் சாப்பிட்டார். தன்னிடமிருந்த கடைசிக் காரத்தையும் போட்டுச் சமைத்துக் கொடுத்த மனிதரிடம் நான் சாப்பிடவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டேன், உங்கள் அப்பா இருந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன் என்றார்.

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். ஏலக்காரர் முன்னால் குனிந்து காத்திருந்தார். பஞ்சாயத்தில் பாட்டை இழந்த பையனும் தூணருகே நின்றிருந்தான்.

"சாப்ட்டாராம்," என்றாள் அவள். "ரெண்டு தபா வாங்கி சாப்ட்டாராம். அவங்க அம்மாவும் சாப்ட்டாங்களாம். நைனா கைப்பக்குவம் இன்னும் நாக்குலயே கீதுன்னு சொல்றாரு."

ஏலக்கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. யார் யாரோ விசில் அடித்தார்கள். ஒன்றும் புரியாத பதினாலும் அங்கிருந்து கைதட்டினார். ஏலக்காரர் மட்டும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றார். அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். இத்தனை வருடம் பொய்யன் என்று திட்டிய மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்ற அதிர்ச்சி அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அக்கா ஜெயித்தாயிற்று. அந்தக் குழம்பைப் பதினாலு தொடவே இல்லை என்று அவர் வாயாலேயே வந்தாயிற்று. ஆனால் அக்கா பட்டுப்புடவையோடு அடுக்களை வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாவி மனுஷன் இத்தனை வருஷமாக அதை நம்பிக்கொண்டு ஊரிடம் பேச்சு வாங்கியிருக்கிறாரே என்பதுதான் அவள் அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்து விரலை நீட்டினாள்.

"சாப்ட்டாருன்னே சொல்லுங்க. வேற ஒரு வார்த்த எவன் வாயிலனா வந்துச்சு, அப்புறம் இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

மதியம் மாமா வந்தார். கூடையில் இறால் இருந்தது, நல்ல பாடுதான். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி நிறுத்திக் கையைக் குலுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கூடையை இறக்கிவிட்டு நின்றார். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"சாப்ட்டாராம்யா," என்றாள். "ரெண்டு தபா. அவரே சொன்னாரு. நான் என் காதால கேட்டேன்."

மாமா தண்ணீரைக் குடித்தார். மகளைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். என்னைப் பார்த்தார். நான் இறாலைப் பார்த்தேன்.

"அவருக்கு மீனு ஆவாதே," என்றார்.

உனக்குத் தெரியுமா என்று அக்காதான் கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும். பாத்திரத்த அவரே கழுவி எடுத்தாந்தாரு. வெரலெல்லாம் தடிப்பு தடிப்பா கீது. கொழம்பு பட்டதுக்கே அப்புடின்னா, அத துன்ற ஒடம்பா அது? ஆனா சாப்ட்டேன்னு சொன்னாரு. நான் சந்தோசப்படணும்னு சொன்னாரு. அவ்ளோ பெரிய மனுசன் எனக்காவ ஒண்ணு சொன்னா, அத நான் ஊர்ல பொய்யாக்கிட்டு வரதா?"

எனக்குப் பஞ்சாயத்து ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் நான் கேலி செய்தது ஒரு ஏமாளியை என்று நினைத்திருந்தேன். அந்தக் குழம்பு விஷயத்தில் குப்பத்திலேயே ஏமாறாத ஒரே ஆள் அவர்தான். மாமாவை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எங்கள் ஊரில் மச்சான்கள் அப்படியெல்லாம் கட்டிக்கொள்வதில்லை, அதனால் கூடையைத் தூக்கி நிழலில் வைத்தேன்.

"அதான் தெரியுமில்ல. அப்ப வந்து உக்காந்துருக்கலாமே," என்றாள் அக்கா.

"நான் எதிர்ல இருந்தா அவரு இன்னா பண்ணுவாரு? அத்தினி பேரு முன்னாடி, மறுபடியும் சாப்ட்டேன்னுதான் சொல்லணும். அவர ரெண்டாவது தபா பொய் சொல்ல வெக்கறதா?"

சொம்பைக் கீழே வைத்தார். மகள் பக்கத்தில் போய்க் குந்தினார். அவருக்குக் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"சாப்புடலன்னு சொன்னாருல்ல. சொல்றப்ப மொகம் வாடிச்சாம்மா?"

"இல்ல நைனா. சிரிச்சினேதான் சொன்னாரு."

"அப்ப சரி," என்றார் மாமா. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.